அதிகாலைச் சாதனையாளர்

“இன்னிக்கு ஒரு நாளாச்சும் கதவைச் சாத்தாம இருங்க. பிள்ளைக்கு மேலு கொதிக்குது.”

நாஜியா சொல்லி முடிப்பதற்குள் தவுபிக் அறைக்குள் போய்விட்டான். திரும்பிப் பார்த்தான். கோபப்படவில்லை. இப்போதெல்லாம் அவன் கோபப்படுவதே இல்லை. சுட்டுவிரலை உதட்டில் வைத்து, ‘பிறகு’ என்பதுபோல் கையை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தச் சாந்தமான முகத்தைப் பார்த்துத்தான் நாஜியாவுக்கு எரிச்சல் வந்தது. முன்னே மாதிரி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட, இவளும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பாள்.

முன்னே இருந்த தவுபிக் வேறு ஆள். திருத்தங்கலில் வீட்டுக்குக் கீழேயே சொந்த அச்சகம் இருந்தும், முகத்தில் வெயில் அடிக்கிறவரை தூங்குகிறவன். டீக்கடையில் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுவான். போன வருடக் கடைசியில் யாரோ அவனை மதுரையில் நடந்த ஒரு முன்னேற்றப் பயிற்சி முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவன் சிகரெட்டை விட்டான். விடியுமுன் எழுந்து சிவகாசி ரோட்டில் ஓடினான். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி ஆர்டர் பிடித்தான்.

அவன் அம்மா சுலைகா கையேந்தி துஆ செய்தாள். நாஜியாவும்தான். புருஷன் உருப்படுவதைப் பார்த்து எந்தப் பெண் வருத்தப்படுவாள்?

பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அவன் நாலரைக்கு எழ வேண்டுமானால், அவள் நாலு மணிக்கே எழ வேண்டும். ஓடிவிட்டு வந்தால் கொள்ளுக் கஞ்சி சூடாக இருக்க வேண்டும். தேய்த்த சட்டை கட்டிலில் கிடக்க வேண்டும். அதன் பிறகு அவனுக்கு ‘மௌன நேரம்’. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மதுரைப் பயிற்சியாளர் பேசிய சி.டி.யைக் கேட்டபடி கண்மூடி உட்கார்ந்திருப்பான். அதுவரை வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. நாலு வயது ருமானா அழக் கூடாது.

அவன் கதவைத் திறந்து வெளியே வந்ததும் நாஜியா கீழே இறங்கி அச்சகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். சங்குசக்கரம், பூச்சட்டி, சரவெடி என்று பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள்களையெல்லாம் வரைவது அவள். தீபாவளி சீசன் நெருங்கிவிட்டதால் இரண்டு மாதமாக அவளுக்கு முழுத் தூக்கம் கிடையாது. அப்படி ஒரு நாள் சோறு வடிக்கக் கொஞ்சம் தாமதமானபோதுதான், “நேரத்தை நிர்வாகம் பண்ணத் தெரியல ஒனக்கு” என்று தவுபிக் சிரித்துக்கொண்டே சொன்னான். போன வாரம் அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விருதுநகரில் வியாபாரிகள் கூடுகிற மண்டபத்தில், வாழ்க்கையில் முன்னேறியவர்கள் மேடையேறிப் பேசுகிறார்கள். தவுபிக்கின் பெயரும் நோட்டீஸில் இருந்தது. பெயருக்குக் கீழே, ‘அதிகாலைச் சாதனையாளர்’.

கூடத்தில் பாயில் கிடந்த ருமானாவின் நெற்றியில் சுலைகா ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

“மாத்திரை குடுத்தாச்சுல்ல, எறங்கிரும்” என்றாள்.

“ராத்திரியில இருந்து இதையேதான் சொல்றீக. எறங்கலையே மாமி. டாக்டர்கிட்ட கொண்டு போகணும். கதவைத் தட்டுறேன்.”

சுலைகா சட்டென்று மருமகளின் கையைப் பிடித்தாள். “வேணாம்மா. இன்னிக்கு அவன் பேசப் போற நாளு. மனசு கலைஞ்சு போயிரும். வெளிய வரட்டும், நானே சொல்றேன்.”

“ஒங்க மகன் மேடையில பேசணும்னு என் பிள்ள காய்ச்சலைத் தள்ளி வெச்சுக்கிடணுமா?”

“ஏம்மா இப்படிப் பேசுற? அவன் ஆரு, அசலாளா?”

நாஜியா பதில் சொல்ல வாயெடுத்தபோது, பாயில் ஏதோ உதைபடும் சத்தம் கேட்டது.

ருமானாவின் கண்கள் மேலே செருகியிருந்தன. கையும் காலும் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை.

“யா அல்லா! வெட்டு வந்துருச்சு! நாஜியா, பிள்ளைக்கு வெட்டு வந்துருச்சு!”

நாஜியா கதவில் போய் விழுந்தாள். இரண்டு கையாலும் அறைந்தாள். “ஏங்க! கதவைத் தெறங்க! பிள்ளையப் பாருங்க! ஏங்க!”

உள்ளே அசைவில்லை.

கொஞ்சம் முன்னால் அவள் கையைப் பிடித்துத் தடுத்த சுலைகாவே இப்போது எழுந்து வந்தாள். அடுப்படியிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்துக் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தாள். “ஏலே தவுபிக்! ஏலே! காது அடைஞ்சா போச்சு? தெறலே!”

சொம்பு நசுங்கியது. கதவு திறக்கவில்லை.

நாஜியா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பர்தா எடுக்க நேரமில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டபடி தெருவுக்கு ஓடினாள். சுலைகா செருப்பில்லாமல் பின்னால் ஓடி வந்தாள்.

அந்த நேரத்தில் தெருவில் ஒரு ஆட்டோகூட இல்லை. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் மட்டும் முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. சீசனில் ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு கிடையாது. நாஜியா ஓடிப்போய் வேனுக்குக் குறுக்கே நின்றுவிட்டாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்த ஆரம்பித்தவர், தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“ஏ, எடம் விடுங்க! எடம் விடுங்க!” உள்ளேயிருந்து ஒரு குரல். தூக்குச்சட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் என்ற பெண் பிள்ளையை எட்டி வாங்கித் தன் மடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். “பாயம்மா, ஏறுங்க. தாயி, நீயும் ஏறு. ஏ டிரைவரு, வண்டிய சிவகாசிக்குத் திருப்பும்.”

“கேட்டைப் பூட்டிருவாக அக்கா. அம்புட்டு பேருக்கும் இன்னிக்கு வேலை இல்லாமப் போயிரும்.”

“பூட்டட்டும். நீரு திருப்பும்.”

வேனில் இருந்த ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லை. ஒருத்தி முந்தானையால் விசிறினாள். இன்னொருத்தி துணியை நனைத்துக் காலைத் துடைத்துவிட்டாள். நசுங்கிய சொம்பு இன்னும் சுலைகாவின் கையிலேயே இருந்தது.

“பிள்ளைக்கு அப்பன் ஊர்ல இல்லையா பாயம்மா?” என்று சண்முகத்தாய் கேட்டாள்.

சுலைகா தலையைக் குனிந்துகொண்டாள். “இருக்கான்” என்றாள்.

சிவகாசி டாக்டர் ஊசி போட்டார். இழுப்பு நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அரைமணி கழிவதற்குள் மறுபடியும் வந்தது. டாக்டர் முகம் மாறியது. விருதுநகரில் குழந்தை டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லி, காருக்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

காரில் ஏறியதிலிருந்து நாஜியா, இடுப்பில் செருகியிருந்த செல்லை எடுத்துப் புருஷனின் செல்லுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் குரல் சொன்னது. ஆமத்தூர் தாண்டும்போது பக்கத்து வீட்டுக்காரிக்குப் போட்டாள்.

“அவுக அப்பவே கெளம்பிட்டாகளே நாஜியா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “பிள்ளைக்குக் காய்ச்சல்னு தூக்கிட்டு ஓடுனீகன்னு நான்தான் சொன்னேன். ‘அம்மா கூட இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க’ன்னுட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டாக. வெள்ளைச் சட்டை, டை எல்லாம் கட்டி, மாப்பிள்ளை மாதிரி...”

நாஜியா செல்லை மடியில் போட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்தது அவள்தான். நேற்று மாலை, காய்ச்சலில் சிணுங்கிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தேய்த்தாள்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தை டாக்டர் இளவயதுக்காரர். நிதானமாகப் பேசினார்.

“காய்ச்சலோட வர்ற வலிப்புதான்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு தடவை வந்திருக்கு. மூளைக் காய்ச்சல் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். முதுகுல இருந்து கொஞ்சம் நீர் எடுத்துச் சோதிக்கணும். குழந்தையோட அப்பா எங்கம்மா?”

“அம்மா நான் இருக்கேன் டாக்டர். என்ன செய்யணுமோ செய்ங்க.”

முதுகில் ஊசி இறங்கும்போது பிள்ளையை வளைத்துப் பிடித்துக்கொண்டது சுலைகா. நாஜியா தலைமாட்டில் நின்றாள். ருமானாவுக்கு அரைகுறையாக நினைவு திரும்பியிருந்தது. வீறிட்டு அழவும் தெம்பில்லாமல் அனத்தினாள்.

“அத்தா... அத்தா எங்க?”

ஊசி போட்டு முடியும்வரை இப்படி அப்பாவையே கேட்டாள். அப்புறம் களைத்துத் தூங்கிப்போனாள்.

சுலைகா பேத்தியின் முதுகைத் தடவிக்கொண்டே, மருமகளைப் பார்க்காமல் பேசினாள்.

“நான்தான தட்டாதேன்னேன்.”

இல்லை மாமி, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லலாம். நாஜியாவுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

“நீ போம்மா” என்றாள் சுலைகா. “பக்கத்துலதான் அந்த மண்டபம். நான் பிள்ளகிட்ட இருக்கேன். அவனக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வா. வரலைன்னா, வரலைன்னு வந்து சொல்லு.”

மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் நாஜியாவைத் தடுக்க வந்தார். கசங்கிய சேலை, தோளில் பிள்ளை எடுத்த வாந்தியின் கறை, கலைந்த தலை. “யாரும்மா நீங்க?” என்றார்.

“உள்ள பேசிக்கிட்டு இருக்காகளே, அவுக வீட்டுக்காரி.”

அவர் உடனே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “அடடே, வாங்க வாங்க! சாரோட மிஸஸா? முன் வரிசைக்கு வாங்க.”

உள்ளே நாற்காலிகள் நிறைந்திருந்தன. மளிகை வியாபாரிகள், அச்சக முதலாளிகள், கல்லூரிப் பிள்ளைகள். மேடையில் நடுநாயகமாக ஊர்க்காவலன் உட்கார்ந்திருந்தார். பெரிய பட்டாசுக் கம்பெனி முதலாளி. தவுபிக்கின் அச்சகத்துக்கு இந்த சீசனில் கிடைத்த பெரிய ஆர்டர் அவருடையது.

மைக் முன்னால் தவுபிக். டை. படிய வாரிய தலை. குரல்கூட அவனுடையதாக இல்லை. மதுரை சி.டி.யில் கேட்கிற குரலைப்போலவே ஏறி இறங்கியது.

“வெற்றியாளனுக்கும் தோல்வியாளனுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு வித்தியாசம்தான் நண்பர்களே. வெற்றியாளன் தன்னுடைய நேரத்தை யாரையும் தொட விட மாட்டான்! முதலில் நீங்கள் மூட வேண்டியது எந்தக் கதவை? உங்கள் வீட்டுக் கதவை!”

கைதட்டல்.

நாஜியா நடுப் பாதையிலேயே நின்றுவிட்டாள்.

“கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும். இன்று காலையில் நடந்ததையே சொல்கிறேன். நான் மௌனத்தில் இருக்கிறேன். என் வீட்டில் கதவைத் தட்டுகிறார்கள். சாதாரணமாக அல்ல, உடைந்துவிடும்போலத் தட்டுகிறார்கள். பழைய தவுபிக்காக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். புதிய தவுபிக் எழவில்லை. இது எனக்கு வைக்கப்பட்ட பரீட்சை என்று நினைத்தேன். பிறகு வெளியே வந்தால் என்ன தெரியுமா? குழந்தைக்குக் காய்ச்சலாம். என் மனைவியும் அம்மாவும் டாக்டரிடம் கொண்டு போயிருக்கிறார்கள். பாருங்கள், நான் இல்லாமலே வேலை நடந்துவிட்டது! இதற்குப் பெயர்தான் பொறுப்பை ஒப்படைப்பது!”

மண்டபம் அதிரக் கை தட்டியது. முன் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். ஊர்க்காவலனும் தலையை ஆட்டிச் சிரித்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள் நாஜியா மேடைக்கு முன்னால் வந்துவிட்டாள்.

தவுபிக் அவளைப் பார்த்தான். முதலில் சிரித்தான். கூட்டத்துக்கு அறிமுகம் செய்யலாம் என்று நினைத்தானோ என்னவோ, கையைக்கூட நீட்டினான். அப்புறம் அவள் முகத்தைக் கவனித்தான்.

“கேட்டுச்சா?” என்றாள் நாஜியா.

“என்ன?”

“நாங்க தட்டினது கேட்டுச்சா, இல்லையா?”

“நாஜி, இப்ப... நிகழ்ச்சி முடியட்டும், வெளிய போய்ப் பேசலாம்.”

மைக் அவன் வாய்க்கு நேரே இருந்தது. அவன் கிசுகிசுத்தது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“வேணாம். உள்ளேயே பேசுவோம். எங்க வீட்டுக் கதவை இம்புட்டு பேருக்கு முன்னால நீங்கதான தெறந்து விட்டீக. சொல்லுங்க. கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. ஆனா என்னன்னு வெளங்கல. காதுல ஹெட்போன்...”

“வெளங்கலைன்னா தெறந்து கேக்கணும். ரெண்டு எட்டு எடுத்து வைக்கணும். எந்திரிக்காம உக்காந்திருந்ததுக்குக் கை தட்டுறாக, நீங்களும் வாங்கிக்கிடுறீக.”

பேட்ஜ் குத்தியவர் ஓடி வந்தார். “அம்மா, பெரியவங்க எல்லாம் இருக்காங்க. கொஞ்சம் உட்காருங்கம்மா.”

“உக்கார மாட்டேன்.” நாஜியா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. “காய்ச்சல் இல்லீங்க அது. காய்ச்சலுக்கு யாராச்சும் கதவை ஒடைப்பாகளா? ஒங்க மகளுக்கு வெட்டு வந்து கண்ணு செருகிப்போச்சு. வாயில நுரை தள்ளுச்சு. ஒங்க அம்மா, ஒங்களப் பெத்தவுக, சொம்பு நசுங்குற வரைக்கும் கதவுல அடிச்சாக. அவுக குரல்கூட ஒங்களுக்குப் பரீட்சையா?”

தவுபிக்கின் முகத்தில் ரத்தம் இல்லை.

“வெட்டா?” என்றான்.

“ஏழாயிரம்பண்ணைக்குப் போற வேனை மறிச்சு ஏத்திட்டுப் போனோம். முன்னப்பின்ன தெரியாத பொம்பளைக இன்னிக்கு வேலையை விட்டுட்டு மடியில போட்டுக்கிட்டாக. சிவகாசியில ரெண்டாந்தடவையும் வந்துச்சு. இப்ப இங்கன ஆஸ்பத்திரியில முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்திருக்காக. ஊசி குத்தும்போது அது என்னையக் கேக்கல. அத்தா எங்கன்னு கேட்டுச்சு. நான் என்ன பதில் சொல்ல? அத்தா முன்னேறிக்கிட்டு இருக்காகன்னு சொல்லவா?”

சேலைத் தலைப்பால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். இத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று மண்டபத்துக்கு வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

“நாலரைக்கு எந்திரிக்கிறீக. சந்தோஷம். நான் நாலு மணிக்கு எந்திரிச்சுக் கஞ்சி காச்சலைன்னா எப்படி எந்திரிப்பீக? பகல்ல லேபிள் வரையுறதும் நான், ராத்திரி பிள்ளையத் தூங்க வைக்கிறதும் நான். எனக்கு நேரத்தை நிர்வாகம் பண்ணத் தெரியலைன்னு சொன்னீகளே. எந்த நேரத்தை? என்கிட்ட இருந்ததையெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீக!”

ஒருவரும் கை தட்டவில்லை. ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவும் இல்லை. பின் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

மேடையிலிருந்து ஊர்க்காவலன்தான் பேசினார். மைக் இல்லாமலே அவர் குரல் எட்டியது.

“ஏம்ப்பா, பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்குன்னு சொல்லுது அந்தப் பொண்ணு. நீ இன்னும் இங்கனதான் நிக்கியா?”

அப்போதுதான் தவுபிக்கின் கால் அசைந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவன் ஓடினான். நாஜியா நடந்தாள். அவள் வந்து சேரும்போது, வார்டில் மகளின் கட்டிலருகே முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ருமானா தூக்கத்தில் அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் தேம்பித் தேம்பி அழுதான். சுலைகா எதிர்ப்பக்கம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் வந்தார். மூளைக் காய்ச்சல் இல்லை என்றார். காய்ச்சல் இறங்கிவருகிறது, நாளை மறுநாள்வரை இங்கேயே இருக்கட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

நாஜியா மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சுலைகா வாய்க்குள் சொல்வது கேட்டது.

தவுபிக் எழுந்து, முகத்தை டையின் நுனியால் துடைத்தான். மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

“தப்புதான் நாஜி. பெரிய தப்பு. என்னைய மன்னிச்சிரு.”

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால், அன்றைக்கு அவள் மனம் கொஞ்சம் இளகியிருக்கக்கூடும்.

அவன் நிறுத்தவில்லை. “இது எனக்கு ஒரு பெரிய பாடம். ஒவ்வொரு தோல்வியும் நமக்கு எதையோ கத்துக்கொடுக்கத்தான் வருது. நாளையில இருந்து குடும்பத்துக்குன்னு தனியா ஒரு நேரம் ஒதுக்கப்போறேன். தெனமும் சாயங்காலம் அரைமணி நேரம், பிள்ளைக்காக மட்டும். என்னோட இலக்குல அதையும்...”

“நிறுத்துங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வராந்தாவில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

“என் பிள்ள ஒங்களுக்குப் பாடம் இல்ல. இன்னிக்கு நடந்ததை அடுத்த கூட்டத்துல சொல்லி அதுக்கும் கை தட்டு வாங்குவீக. எனக்குத் தெரியும். இப்பவே மனசுக்குள்ள எழுதிக்கிட்டு இருக்கீக.”

“இல்ல நாஜி! சத்தியமா...”

“மல்லாங்கிணத்துல எங்கண்ணன் அலி அக்பருக்குப் போன் போட்டுட்டேன். பிள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து விட்டதும் நான் அங்கன போறேன்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“தெரியல.”

“சீசன் நேரம் நாஜி! கொஞ்சம் யோசி. கோபத்துல முடிவு எடுக்கக் கூடாது.”

“கோபத்துலதான் எடுக்கேன். கோபப்படாம இருந்து இருந்துதான் இங்கன வந்து நிக்கோம்.”

அவன் வார்டு வாசலில் நின்று உள்ளே திரும்பினான். “அம்மா, நீயாச்சும் சொல்லும்மா. ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாக?”

சுலைகா பேத்தியின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்க அத்தா மௌத்தாகி அடக்குனதுக்கு அப்புறம் நீ ஒண்ணுக்கும் ஆகாம டீக்கடையில கெடந்தப்ப நான் அளுதிருக்கேன். இவன் திருந்தணும்னு கேக்காத தொளுகை இல்ல” என்றாள். “ஆனா அந்தத் தவுபிக்கா இருந்தா இன்னிக்கு முதல் தட்டுலயே தெறந்திருப்பான்ல. அவன் சோம்பேறி. ஆனா பிள்ளைக்குன்னா பதறி ஓடியாருவான்.”

“அம்மா...”

“அவ எங்க போறாளோ அங்கனதான் நானும் போறேன். நீ ஒத்தையில இருந்து பாரு. கஞ்சி காச்சிக் குடி, சட்டையத் தேய்ச்சுப் போடு. அப்புறமும் நாலரைக்கு எந்திரிச்சேன்னா நானே வந்து ஒன்னைய மெச்சுறேன்.”

நாஜியா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருடத்தில் இப்படி ஒரு பேச்சை அவளிடமிருந்து கேட்டதில்லை. நன்றி சொல்வதா, காலையில் கையைப் பிடித்துத் தடுத்ததற்கு இன்னும் கோபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

தவுபிக்கின் செல் அடித்தது. மண்டபத்திலிருந்து ஓடி வருகிற வழியில் எப்போதோ உயிர்ப்பித்திருக்கிறான். எடுத்தான். அச்சகத்து மிஷின்காரர் கண்ணுச்சாமி. மனிதருக்கு எப்போதும் உரத்த குரல். வராந்தா முழுக்கக் கேட்டது.

“மொதலாளி, பிள்ளைக்கு எப்படி இருக்கு? நல்லாருக்கா? அப்பாடா... மொதலாளி, ஊர்க்காவலன் மொதலாளி கம்பெனி பூச்சட்டி லேபிளு நாளைக்குக் காலையில மிஷின்ல ஏறணும். அச்சுப் பிளேட்டு போடணும்னா இன்னிக்கு டிசைனு வேணும். அது எந்த மட்டும் முடிஞ்சிருக்கு?”

தவுபிக் யோசித்தான். அவனுக்குத் தெரியாது. எப்போதும் தெரிந்ததில்லை. அடுத்து அவன் செய்தது வேண்டுமென்று செய்ததல்ல. இத்தனை வருடமாகச் செய்துவந்ததுபோல், தன்னையறியாமல், செல்லை நாஜியாவிடம் நீட்டினான்.

நீட்டிய பிறகுதான் தன் கையைத் தானே பார்த்தான்.

நாஜியா செல்லை வாங்கிக் காதில் வைத்தாள்.

“அண்ணே, பிள்ள நல்லாருக்கு. டிசைன் பாதிதான் முடிஞ்சிருக்கு. மிச்சத்தை நான் போட மாட்டேன்.”

“என்னம்மா சொல்றீக? அப்ப ஆரு போடுவா? அந்த மொதலாளி ஆர்டரைத் திருப்பிருவாரேம்மா!”

“பொறுப்பை ஒப்படைச்சிருக்கேன் அண்ணே. இந்தாங்க, ஒங்க மொதலாளிகிட்டயே கேளுங்க.”

செல்லைப் புருஷனின் கையில் வைத்துவிட்டு, அவள் மகளின் கட்டிலுக்குப் போய்ப் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் கண்ணை மூடினாள்.

வராந்தாவில் கண்ணுச்சாமியின் குரல், “மொதலாளி? மொதலாளி? இருக்கீகளா?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.